எல்லாப் பேதி மருந்தும் ஒன்றல்ல

கொலனோஸ்கோபிக்கு முன் குடலைச் சுத்தம் செய்ய வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் கிட்னி பழுதாகிக் கிரியாட்டினின் ஏறியவர்களும் டயாலிசிஸில் இருப்பவர்களும் பக்கத்து வீட்டுக்காரருக்குக் கொடுத்த சீட்டைப் பார்த்து நடந்தால் ஆபத்து.

"பேதி மருந்துதானே, எதுவாக இருந்தால் என்ன?"

இதைவிட ஆபத்தான நம்பிக்கை இந்த விஷயத்தில் இல்லை. பெக்லெக் போன்ற பாலிஎத்திலீன் கிளைகால் பவுடரை 2 லிட்டர் தண்ணீரில் கரைத்துக் குடிக்கிறோம். அது ரத்தத்தில் அநேகமாக ஏறாது. குடித்தது குடல் வழியே வெளியேறிவிடும். கிட்னி நோயாளிகளுக்கு வழக்கமாக எழுதுவது இதைத்தான். சோடியம் பாஸ்பேட் திரவம் வேறு ரகம். அளவு குறைவு, குடிக்கச் சுலபம். ஆனால் அதிலுள்ள பாஸ்பேட் ரத்தத்தில் ஏறும். பழுதுபட்ட சிறுநீரகத்தால் அதை வெளியே தள்ள முடியாது. கால்சியத்தோடு சேர்ந்து நுண்குழல்களில் படிகமாகப் படியும். அதுவரை ஓரளவு ஓடிக்கொண்டிருந்த கிட்னி நிரந்தரமாகக் கெட்டு, டயாலிசிஸ் வரை போனவர்கள் உண்டு. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2008 டிசம்பரில் இதன் மாத்திரை வடிவத்துக்குத் தன் மிகக் கடுமையான எச்சரிக்கையை விதித்தது. கடையில் கிடைக்கும் எனிமா பாட்டில்கள் பலவற்றிலும் இதே பாஸ்பேட்தான். மெக்னீசியம் கலந்த மருந்தும் கிட்னி நோயாளிகளுக்கு ஆகாது. மருந்துக்கடையில் "அது ஸ்டாக் இல்லை, இதுவும் அதே வேலைதான் செய்யும்" என்று வேறொன்றை நீட்டினால் டாக்டரிடம் போனில் கேட்காமல் வாங்காதீர்கள்.

"பரிசோதனைக்கு முந்தைய பட்டினிக்கு இளநீர் நல்லது."

மற்றவர்களுக்குச் சரி. ரோட்டோரம் சீவித் தரும் அந்த இளநீரில் ஒரு டம்ளருக்கே சுமார் 400 மில்லிகிராம் பொட்டாசியம் இருக்கிறது. கிட்னி வெளியேற்றாத பொட்டாசியம் இதயத் துடிப்பையே குலைக்கும். ஓஆர்எஸ் பாக்கெட்டிலும் பொட்டாசியம் உண்டு. பால் விடாத டீ குடிக்கலாம். அதற்கும் அளவு கேட்டுக்கொள்ளுங்கள்.

"தண்ணீர் கட்டுப்பாடு இருக்கிறதே, மருந்தைப் பாதி குடித்தால் போதும்."

பாதி குடித்தால் குடல் சுத்தமாகாது. பரிசோதனையை இன்னொரு முறை செய்ய நேரும். பவுடர் கரைத்த தண்ணீர் பெரும்பாலும் உடம்பில் தங்காது. மேற்கொண்டு குடிக்கும் தண்ணீருக்குத்தான் கணக்கு. இதயமும் பலவீனமானவர்கள் அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். டயாலிசிஸ் முடிந்த மறுநாளைக்குப் பரிசோதனையை வைத்துக்கொள்வது நல்லது.

"பரிசோதனையன்று மாத்திரையே வேண்டாம்."

சிலவற்றை நிறுத்தச் சொல்வார்கள், சிலவற்றைத் தொடரச் சொல்வார்கள். பட்டினியில் வழக்கமான இன்சுலினை முழு அளவு போட்டால் சர்க்கரை திடீரென இறங்கும். கிட்னி கெட்டவர்களுக்கு இன்சுலின் உடம்பில் அதிக நேரம் தங்கும். நீர் மாத்திரை, பிபி மாத்திரை, ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை எதையும் நீங்களாக முடிவு செய்யாதீர்கள். வயிறு வலித்தால் டைக்ளோஃபினாக் கூடவே கூடாது.

"பரிசோதனையன்று காலை குடிக்க வேண்டிய பேதி மருந்து டோஸை விட்டால் பரவாயில்லை."

தாம்பரத்திலிருந்து சென்னை பார்க் ஸ்டேஷன் போய் அரசு பொது மருத்துவமனையில் பரிசோதனை என்றால் இந்த எண்ணம் வருவது நியாயம்தான், மின்சார ரயிலில் கழிப்பறை கிடையாதே. ஆனால் காலை டோஸ்தான் குடலின் வலது பக்கத்தைத் தெளிவாகக் காட்டுகிறது. நாள் குறிக்கும்போதே "தாம்பரத்திலிருந்து வருகிறேன், கிட்னி நோயாளி" என்று சொல்லி, தாமதமான நேரமோ முதல் நாளே அட்மிஷனோ கேளுங்கள்.