சரக்கு போனால் போதாது, காசு திரும்பி வர வேண்டும்
(சிறுதொழில் செய்வோருக்கான பாடம்)



நம் அறக்கட்டளையின் வட்டியில்லாக் கடன் குழு கூடும் ஒவ்வொரு முறையும் ஒரே கேள்விதான் முன்னால் நிற்கிறது. கையில் இருப்பது சிறிய தொகை. கேட்டு வந்திருப்பவர்கள் நான்கைந்து பேர். ஒருவருக்கு முழுதாகக் கொடுத்தால் மற்றவர்களுக்கு இல்லை. கொடுத்த பணம் திரும்பாவிட்டால் அடுத்த வருடம் யாருக்குமே இல்லை.

சென்ற வருடம் நாங்கள் பார்த்த ஒரு விண்ணப்பத்தை வைத்து இந்தப் பாடத்தை எழுதுகிறேன். பெயர் போடாமல் எழுதுங்கள் என்று சொல்லி அந்தத் தம்பி அனுமதி தந்தார். கணக்கு எளிதாக விளங்க வேண்டும் என்பதற்காகத் தொகைகளை முழு எண்களாக்கியிருக்கிறேன்.

வந்த விண்ணப்பம்

அவர் வீட்டில் முறுக்கும் தட்டுவடையும் போட்டு, பாக்கெட் செய்து, காங்கேயத்தைச் சுற்றியுள்ள 11 மளிகைக் கடைகளுக்குக் கொடுப்பவர். மாதம் 1,000 பாக்கெட். ஒன்றுக்குச் செலவு 80 ரூபாய், கடைக்குக் கொடுப்பது 100 ரூபாய். மாதம் 20,000 லாபம். அதில் வீட்டுக்கு 15,000 போக 5,000 மிச்சம்.

திருப்பூரில் நான்கு கிளை உள்ள ஒரு கடைக்காரர் இவர் சரக்கைப் பார்த்துவிட்டு, "எனக்கு மாதம் இன்னொரு 1,000 பாக்கெட் கொடு, முப்பது நாளில் பணம்" என்று சொல்லியிருக்கிறார். அதற்கு மாவு, எண்ணெய், கேஸ் வாங்க 80,000 ரூபாய் வேண்டும். மாதம் 5,000 வீதம் சேர்த்தால் 16 மாதம் ஆகும். அதுவரை அந்தக் கடைக்காரர் காத்திருப்பாரா? ஆகவே அறக்கட்டளைக்கு வந்தார்.

குழுவில் பாதிப் பேர் உடனே கொடுத்துவிடலாம் என்றார்கள். நல்ல பிள்ளை, உழைப்பாளி, சரக்கும் சுத்தம். காகிதத்தில் கணக்கும் நேராகத்தான் வந்தது. ஆனால் எனக்கு என் அத்தாவின் கடை ஞாபகத்துக்கு வந்தது.

கூட்டம் இருந்தபோதே மூடிய கடை

என் அத்தா தேங்காய் எண்ணெய் சில்லறைக் கடை வைத்திருந்தார். நம் ஊரில் கொப்பரைக் களத்துக்கும் எண்ணெய் மில்லுக்கும் குறைவில்லை. சரக்கு தாராளமாகக் கிடைக்கும். நல்ல கொப்பரை 100 கிலோ ஆட்டினால் 60 முதல் 65 கிலோ எண்ணெய் வரும் என்பதை அவர் கையால் தொட்டே சொல்லிவிடுவார். அளவில் குறை வைத்தவர் அல்ல, கலப்படம் செய்தவர் அல்ல. கடையில் எப்போதும் ஆள் நிற்கும்.

நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில் ஒருநாள் அந்தக் கடை மூடியது. அன்றும் வாசலில் வாடிக்கையாளர்கள் நின்றார்கள். மில்லுக்குக் கொடுக்க வேண்டிய தவணை நாள் வந்துவிட்டது. ஊரார் கொடுக்க வேண்டிய பணம் வரவில்லை. அத்தா மௌத்தான பிறகு பெட்டியைத் திறந்தபோது பழைய நோட்டு ஒன்று கிடைத்தது. யார் எவ்வளவு பாக்கி என்று பாதி எழுதியிருந்தது. மீதிப் பாதி அவர் மனக்கணக்கில் இருந்திருக்க வேண்டும். அது அவரோடு போய்விட்டது.

வியாபாரம் இல்லாமல் மூடும் கடைகள் உண்டு. வியாபாரம் இருந்தும், விற்ற காசு திரும்பாமல் மூடும் கடைகளும் உண்டு. இந்த இரண்டாவது வகையைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை.

நோட்டைக் கொண்டு வாருங்கள்

ஆகவே அந்தத் தம்பியிடம், "இப்போது கொடுக்கிற 11 கடைகளின் நோட்டைக் கொண்டு வாப்பா" என்றேன். அவரிடம் நோட்டு இருந்தது. ஆனால் சரக்கு போட்ட தேதி மட்டுமே இருந்தது, பணம் வந்த தேதி இல்லை. போனில் வந்த பணச் செய்திகளைப் பார்த்து, அவரும் நானும் ஒரு மாலை முழுதும் உட்கார்ந்து தேதிகளை நிரப்பினோம்.

எல்லாக் கடையும் சொன்னது முப்பது நாள். நான்கு கடைகள்தான் முப்பது நாளுக்குள் தந்தன. ஐந்து கடைகள் நாற்பது நாளைத் தாண்டின. இரண்டு கடைகளில் பழைய பாக்கி தீராமலேயே புதுச் சரக்கு போய்க்கொண்டிருந்தது. பக்கத்திலேயே இருக்கும் கடைகளே இப்படியென்றால், திருப்பூர்க் கடை சொன்ன நாளில் தரும் என்று எதை வைத்து நம்புவது? அந்தக் கடை முப்பது நாளுக்குப் பதில் அறுபது நாள் எடுத்துக்கொண்டால் 80,000 போதாது, 1,60,000 வேண்டும். நம் கடன் 80,000-ம் அதற்குள் சிக்கிக்கொள்ளும்.

பிறகு வேறொரு கணக்குப் போட்டோம். மாதம் 1,000 பாக்கெட், முப்பது நாள் கடன். அப்படியானால் எந்த நேரமும் ஒரு மாதச் சரக்கு, அதாவது 80,000 ரூபாய் அவருடைய முதல், அடுத்தவர் கடையில் கிடக்கிறது. அதையே வாரா வாரம் சரக்கு கொடுத்து, போன வாரப் பணத்தை வாங்கிக்கொண்டு இந்த வாரச் சரக்கை இறக்கினால்? வாரத்துக்கு 250 பாக்கெட். வெளியில் கிடப்பது 20,000 மட்டுமே. மீதி 60,000 அவர் கைக்கு வந்துவிடும்.

எங்களிடம் கேட்ட 80,000-ல் 60,000 ஏற்கெனவே அவருடையதாகவே, 11 கடைகளின் கல்லாவில் இருந்தது! இந்தப் பாடத்தில் நான் சொல்ல வருவது இந்த ஒன்றைத்தான். தொழிலை வளர்க்கப் பணம் தேடிக் கிளம்புமுன், உங்கள் பணம் எங்கே தங்கியிருக்கிறது என்று தேடுங்கள்.

எழுதாத செலவு

இன்னொன்றும் அந்த நோட்டில் தெரிந்தது. 80 ரூபாய்ச் செலவில் மாவும் எண்ணெயும் கேஸும் கவரும் இருந்தன. அவர் மனைவியும் தாயாரும் அடுப்படியில் நிற்கும் ஐந்து மணி நேரம் இல்லை. 1,000 பாக்கெட் வரை அவர்கள் இழுத்துவிடுவார்கள். 2,000 என்றால் ஆள் வைக்க வேண்டும். மாதம் 12,000 சம்பளம் என்று வையுங்கள். லாபம் 40,000 ஆகாது, 28,000 தான். வியாபாரம் இரண்டு மடங்கானால் லாபமும் இரண்டு மடங்காகும் என்று நினைப்பது பலரும் செய்யும் தவறு.

எழுதாத செலவு இல்லாமல் போய்விடாது; வேறொருவர் தலையில் போய் உட்காரும், ஒருநாள் நம்மிடமே திரும்பி வரும். இதற்குச் சாட்சி நம் தாலுகாவிலேயே இருக்கிறது. திருப்பூர்ச் சாயப்பட்டறைக் கழிவு நொய்யலில் இறங்கி ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கியது. பாசனத்துக்குக் கட்டிய அணை. அதன் தண்ணீரைத் திறக்க வேண்டாம் என்று விவசாயிகளே சொல்லும் நிலை வந்தது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் 700-க்கும் மேற்பட்ட சாய, சலவைப் பட்டறைகள் மூடப்பட்டன. கழிவு நீரைச் சுத்திகரிக்கும் செலவை அன்றன்று எழுதியிருந்தால் துணியின் விலை கொஞ்சம் கூடியிருக்கும். எழுதாததால் ஊருக்கே பில் வந்தது.

திருப்பூர் வளர்ந்த விதம்

அதே திருப்பூரிடம் கற்க நல்லதும் நிறைய உண்டு. அங்கே பின்னலாடைத் தொழில் 1925-ல் தொடங்கியது. முதல் தொழிற்கூடமான 'பேபி நிட்டிங்' நிறுவனத்தை ஆரம்பித்தவர் குலாம் காதர் சாகிபு. நம் பிள்ளைகளில் பலருக்கு இது தெரியாது. பனியனில் தொடங்கிய அந்த ஊருக்கு இத்தாலியிலிருந்து வெரோனா என்ற வியாபாரி வெள்ளை டி-ஷர்ட் தேடி வந்தது 1978-ல். ஏற்றுமதியாளர் சங்கம் அமைந்தது 1990-ல். இடையில் ஐம்பது, அறுபது வருட உள்நாட்டு வியாபாரம் இருக்கிறது.

அங்கே முதலாளியானவர்களில் ஏராளமானோர் நம் கொங்குக் கிராமங்களிலிருந்து கூலி வேலைக்குப் போனவர்கள். புவியியல் ஆய்வாளர் ஷரத் சாரி 2004-ல் திருப்பூரைப் பற்றி வெளியிட்ட நூல் இந்த மாற்றத்தைத்தான் விரிவாக ஆராய்கிறது. அவர்கள் ஏறிய வழியைப் பாருங்கள். நூலிலிருந்து டி-ஷர்ட் வரை நிட்டிங், சாயம், கட்டிங், பவர் டேபிள் தையல், செக்கிங், அயர்னிங், பேக்கிங் என்று பல கட்டங்கள். ஒவ்வொன்றையும் தனியாக 'ஜாப் ஒர்க்' எடுத்துச் செய்யலாம். துணி கொடுப்பவருடையது, இவருக்கு மிஷினும் உழைப்பும் போதும். நான்கு தையல் மிஷினோடு ஒரு கட்டத்தை ஒழுங்காகச் செய்து, கூலியைச் சேர்த்து, அடுத்த கட்டத்துக்குப் போனவர்கள் நிலைத்தார்கள்.

இதில் நமக்கு என்ன பாடம்? சரக்கில் முதல் போடாமல் தொழில் கற்றுக்கொள்ள ஒரு வழி இருக்கிறது என்பது ஒன்று. ஏழு வேலையையும் ஒரே நாளில் தலையில் ஏற்றிக்கொள்ள வேண்டியதில்லை என்பது இன்னொன்று. புதிதாகத் தொழில் தொடங்க நினைக்கும் சகோதரிகள், சொந்தமாகத் துணி வாங்கி அடுக்குவதற்கு முன், ஆறு மாதம் கூலித் தையல் எடுத்துப் பாருங்கள்.

எழுதுவது அவநம்பிக்கை அல்ல

"தெரிந்தவரிடம் எப்படி எழுதிக் கையெழுத்துக் கேட்பது? சங்கடமாக இருக்காதா?" என்று பலர் கேட்கிறார்கள். குர்ஆனிலேயே மிக நீளமான வசனம் எது என்று மதரஸாப் பிள்ளையைக் கேளுங்கள். அல்பகரா அத்தியாயத்தின் 282-வது வசனம் என்று சொல்லும். அது கடன் கொடுக்கல் வாங்கலைத் தவணையோடு எழுதி வைப்பதைப் பற்றியது. எழுதுவது நட்பைக் கெடுக்காது. எழுதாமல் விட்டதுதான் பிறகு நட்பைக் கெடுக்கிறது. வியாபாரச் சரக்குக்கு ஜகாத் கணக்கிடுவதற்கும் வருட முடிவில் கையிருப்பு, வரவேண்டியது, கொடுக்க வேண்டியது மூன்றும் தெரிய வேண்டும். நோட்டு இல்லாதவர் இரண்டரை சதவீதத்தை எதன்மேல் கணக்கிடுவார்?

பெரிய கடைகளுக்குச் சரக்கு கொடுப்பவர்கள் சட்டத்தையும் அறிந்திருக்க வேண்டும். 2006-ஆம் வருடத்துச் சிறு, குறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி, பதிவு பெற்ற குறு, சிறு உற்பத்தியாளரிடம் வாங்கியவர் ஒப்பந்தத்தில் எழுதிய நாளுக்குள் பணம் தர வேண்டும். அந்த நாள் 45-ஐத் தாண்டக் கூடாது. எழுத்தில் ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாள். இதற்கான 'உத்யம்' பதிவை அரசின் இணையதளத்தில் ஆதார், பான் எண் கொண்டு நாமே செய்யலாம். கட்டணம் இல்லை, யாரிடமும் பணம் கொடுத்து ஏமாற வேண்டாம். பில்லில் உத்யம் எண்ணையும் பணம் தர வேண்டிய தேதியையும் அச்சிடுங்கள். சண்டை போடாமலேயே பாதி வேலை முடியும்.

பிறகு என்ன ஆனது

அந்தத் தம்பி வாரக் கணக்குக்கு மாறினார். உடனே பணம் தரும் கடைக்குப் பாக்கெட்டுக்கு 2 ரூபாய் குறைத்தார். இரண்டு கடைகள் கோபித்துக்கொண்டு அவர் சரக்கையே நிறுத்திவிட்டன. அவற்றில் ஒன்றிடமிருந்து பழைய பாக்கி இன்னும் வரவில்லை. நாங்கள் கணக்குப் போட்ட 60,000 முழுதாகத் தேறவில்லை. மூன்று மாதத்தில் 45,000 வந்தது. திருப்பூர்க் கடைக்காரரிடம், "முதலில் மாதம் 500 பாக்கெட் தருகிறேன், தேதி எழுதிக் கையெழுத்துப் போடுங்கள்" என்று கேட்டார். அவர் ஒப்புக்கொண்டார். 500 பாக்கெட்டுக்கு 40,000 போதும். கடன் விண்ணப்பத்தை அவரே திரும்ப வாங்கிக்கொண்டார். அந்தத் தொகை வேறு மூன்று குடும்பங்களுக்குப் போனது, அல்ஹம்துலில்லாஹ்.

நீங்கள் செய்ய வேண்டியது

1. வீட்டுப் பணமும் தொழில் பணமும் ஒரே டப்பாவில் இருக்க வேண்டாம். வீட்டுக்கு மாதம் இவ்வளவு என்று ஒரு தொகை எடுங்கள். அதற்கு மேல் எடுத்தால் அதையும் எழுதுங்கள்.

2. ஒவ்வொரு கடைக்கும் ஒரு பக்கம். சரக்கு போன தேதி, தொகை, சொன்ன நாள், பணம் வந்த நாள் என நான்கு கட்டம் போதும்.

3. மாதக் கடைசியில், வெளியில் கிடக்கும் மொத்தப் பாக்கியைக் கூட்டுங்கள். விற்பனை கூடாமல் பாக்கி மட்டும் கூடினால் அது வளர்ச்சி அல்ல.

4. பழைய பாக்கி தீராமல் புதுச் சரக்கு இறக்காதீர்கள். இதை முதல் நாளே சிரித்த முகத்தோடு சொல்லிவிடுங்கள்.

5. வீட்டார் உழைப்புக்கும் ஒரு கூலி போட்டு விலை வையுங்கள்.

6. மொத்த வியாபாரத்தில் பாதிக்கு மேல் ஒரே கடையை நம்பி இருக்க வேண்டாம்.

அடுத்த முறை கடன் கேட்டு வருபவர்கள் விண்ணப்பத்தோடு மூன்று மாத நோட்டையும் கொண்டு வாருங்கள். எழுதத் தெரியாதவர்கள் தயங்க வேண்டாம். அஸர் தொழுகைக்குப் பிறகு அலுவலகத்தில் இருப்பேன், உட்கார்ந்து சேர்ந்து எழுதுவோம். என் அத்தாவுக்கு அன்று அப்படி உட்கார்ந்து எழுத ஒருவர் கிடைக்கவில்லை.

நம் அனைவரின் உழைப்பிலும் அல்லாஹ் பரக்கத் செய்வானாக. வஸ்ஸலாம்.

— செயலாளர்