பூட்டிய கதவும் தொழிற் சட்டமும்

கடையில் களவு போகாமல் பார்த்துக்கொள்வது வியாபாரியின் வேலைதான். ஆனால் களவுக்குப் பயந்து பூட்டப்பட்ட ஒரு கதவு, பலருக்குத் தப்ப வழியில்லாமல் செய்துவிட்டது. ஐக்கிய அமெரிக்காவின் தொழிற் சட்ட வரலாற்றில் அந்தக் கதவுக்கு முக்கிய இடமுண்டு. நாலு பேரை வேலைக்கு வைத்துத் தொழில் செய்யும் எவரும் அதை அறிந்திருப்பது நல்லது.

ஆரம்ப காலம்

தொழிலாளர்கள் ஒன்றுகூடிச் சம்பள உயர்வு கேட்பதையே சதிக் குற்றமாக அமெரிக்க நீதிமன்றங்கள் கருதிய காலம் ஒன்றிருந்தது. பொஸ்டன் நகரச் சப்பாத்துத் தொழிலாளர் வழக்கில்தான், சங்கம் அமைப்பது மட்டும் குற்றமாகாது என 1842இல் மெசச்சுசெட்ஸ் மாநில நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1886 மே முதலாம் திகதி, எட்டு மணி நேர வேலை கோரி சிக்காகோ உட்படப் பல நகரங்களில் வேலைநிறுத்தம் நடந்தது. அதே ஆண்டில், சுருட்டுத் தொழிலாளியான சாமுவேல் கொம்பர்ஸின் தலைமையில் அமெரிக்கத் தொழிலாளர் சம்மேளனம் உருவானது.

ஆயினும் சட்டம் முதலாளிமார் பக்கமே சாய்ந்திருந்தது. பேக்கரித் தொழிலாளரின் வேலை நேரத்தை நாளொன்றுக்கு 10 மணித்தியாலமாக மட்டுப்படுத்திய நியூயோர்க் சட்டத்தை, ஒப்பந்தம் செய்யும் சுதந்திரத்தைப் பறிக்கிறது எனக் கூறி 1905இல் அந்நாட்டு உயர் நீதிமன்றம் ரத்துச் செய்தது.

146 உயிர்கள்

நியூயோர்க்கில் ட்ரையாங்கிள் என்ற ஆடைத் தொழிற்சாலையை நடத்தியவர்கள் மெக்ஸ் பிளாங்க், ஐசக் ஹரிஸ் என்ற இருவர். இருவருமே குடியேறிகளாக வந்து முன்னேறியவர்கள். 1909இல் அந்நகரில் சுமார் 20,000 தையல் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, சிறிய நிறுவனங்கள் பல சங்கத்தோடு உடன்பாட்டுக்கு வந்தன. இவர்கள் இருவரும் சங்கத்தை ஏற்க மறுத்தனர்.

1911 மார்ச் 25, சனிக்கிழமை. வேலை முடியும் நேரம். எட்டாம் மாடியில் பற்றிய தீ மேலே பரவியது. ஒன்பதாம் மாடியில் ஒரு வாசற் கதவு பூட்டியிருந்தது. வெளிப்புற இரும்புப் படிக்கட்டு முறிந்து விழுந்தது. தீயணைப்பு ஏணி ஆறாம் மாடி வரைதான் எட்டியது. 146 பேர் மாண்டனர். அநேகர் இளம் பெண்கள். பத்தாம் மாடியில் இருந்த முதலாளிகள் கூரை வழியாகத் தப்பினர்.

கதவு பூட்டியிருந்தது முதலாளிகளுக்குத் தெரியும் என்பது நிரூபிக்கப்படாததால் இருவரும் விடுதலையாகினர். நட்டத்தை விடக் கூடுதலான காப்புறுதிப் பணமும் கிடைத்தது. 1914இல் வழக்குத் தொடுத்த குடும்பங்களுக்கு உயிரொன்றுக்கு 75 டொலர் கொடுத்து விடயம் முடிக்கப்பட்டது. இதற்கிடையில் 1913இல் மீண்டும் கதவைப் பூட்டி வைத்ததற்காக பிளாங்குக்கு 20 டொலர் தண்டம் விதிக்கப்பட்டது.

சட்டம் வந்தது

அந்தக் கணக்கு அத்தோடு முடியவில்லை. நியூயோர்க் மாநிலம் அமைத்த விசாரணைக் குழுவின் தலைவர் ரொபர்ட் வாக்னர். பிற்காலத்தில் செனட்டரான அவரின் பெயரால் அறியப்படும் 1935ஆம் ஆண்டுச் சட்டமே, சங்கம் அமைக்கவும் கூட்டாகப் பேரம் பேசவும் தனியார் துறைத் தொழிலாளருக்கு நாடளாவிய உரிமை வழங்கியது. தீயை நேரில் கண்ட பிரான்சிஸ் பெர்கின்ஸ் 1933இல் தொழில் அமைச்சரானார். அவரது காலத்தில், 1938இல், மணித்தியாலத்துக்கு 25 சதம் என்ற குறைந்தபட்சச் சம்பளமும் மேலதிக நேரத்துக்கு ஒன்றரை மடங்கு கொடுப்பனவும் சட்டமாகின. விவசாயத் தொழிலாளரும் வீட்டுப் பணியாளரும் ஆரம்பத்தில் இச்சட்டங்களுக்குள் அடங்கவில்லை என்பதும் குறிப்பிடத்தக்கது.

சங்கங்களின் பலம் என்றும் ஒரேமாதிரி இருக்கவில்லை. 1947ஆம் ஆண்டுச் சட்டம் அவற்றைக் கட்டுப்படுத்தியது. 1981இல் வேலைநிறுத்தம் செய்த 11,000க்கும் மேற்பட்ட விமானக் கட்டுப்பாட்டாளர்களை ஜனாதிபதி ரீகன் வேலைநீக்கினார். 1950களில் ஏறத்தாழ மூன்றிலொரு தொழிலாளர் சங்கத்தில் இருந்தனர். இன்று பத்தில் ஒருவர்தான். ஆனால் சம்பள, வேலை நேரச் சட்டங்கள் நிலைத்துவிட்டன.

வியாபாரிக்கு இதில் படிப்பினை உண்டு. கதவைத் திறந்து வைக்க ஒரு சதமும் செலவில்லை. களவைத் தடுக்க வேறு வழிகள் இருந்தன. நாமாகச் செய்யவேண்டியதைச் செய்யாவிட்டால், ஒருநாள் சட்டம் வந்து செய்விக்கும். அதற்கிடையில் போன உயிர்களை எந்தச் சட்டமும் திருப்பித் தராது. இன்றிரவு கடை மூடுமுன், உங்கள் களஞ்சியத்தின் பின்கதவு உள்ளிருந்து திறக்கக்கூடியதா என்று ஒருமுறை பாருங்கள்.