பழைய ஜப்பானிய டீசல் வாகனங்களைத் தீவகத்திற் பேணுதல்

முன்னுரை

விளைபொருளைப் பழுதின்றிச் சந்தையிற் சேர்ப்பித்தல் பயிர்ச்செய்கையின் இறுதி வேலையாகும். நன்கு உழுது, எருவிட்டு, நீரிறைத்துப் பெற்ற பயன் முழுவதும் இவ்வொரு வேலையிற் குறை நேர்ந்தால் இழக்கப்படுதல் கூடும். வேலணையில் விளையும் வெங்காயமும் மிளகாயும் கத்தரியும் பண்ணைத் தாம்போதியைக் கடந்து திருநெல்வேலி, சுன்னாகம், மருதனார்மடம் ஆகிய சந்தைகளைக் காலையிலேயே அடைதல் வேண்டும். நயினாதீவு, நெடுந்தீவு ஆகிய இடங்களிலுள்ளோர் தம் பொருளைப் படகிலேற்றிக் குறிகட்டுவான் துறைக்குக் கொண்டுவந்து, அங்கிருந்து ஏறக்குறைய 30 கிலோமீற்றர் தரைவழியாக யாழ்ப்பாணத்துக்கு அனுப்புகின்றனர். இருபுறமும் கடல் சூழ்ந்த தாம்போதியின் நடுவே வாகனம் நின்றுவிடின், நிழலுமில்லை, கராஜுமில்லை. கீரையும் கத்தரியும் வெயிலில் வாடும். விடியற்காலை விலை தவறிவிடும்.

இவ்வேலைக்குத் தீவகத்தில் உதவுவன பெரும்பாலும் பழைய ஜப்பானிய டீசல் வாகனங்களே. டொயோட்டா ஹைலக்ஸ் பிக்கப், மக்கள் 'டொல்பின்' என வழங்கும் ஹையேஸ் வான், மிற்சுபிசி டெலிக்கா, நிசான் கரவன், இசுசு எல்ஃப் லொறி என்பன அவற்றுட் சில. இலங்கையில் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டுப் பொதுமக்களின் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியிலேயே மீண்டும் வழி திறக்கப்பட்டது. இடைப்பட்ட ஆண்டுகளில் உள்ள வாகனத்தைக் காத்துக்கொள்வதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. முப்பது ஆண்டு கடந்த வாகனங்களும் நன்கு உழைத்தல் கண்கூடு. ஆயினும் ஒரே வகையைச் சேர்ந்த இரு வாகனங்களுள் ஒன்று உழைக்க, மற்றையது அடிக்கடி நின்றுவிடுகின்றது. இதன் காரணத்தை அறிந்துகொள்ளுதல் கமக்காரருக்கு மிகவும் பயன்றரும்.

அவை நீடித்துழைப்பது எவ்வாறு?

டீசல் எஞ்சினில் தீப்பொறி எழுப்பும் பிளக் இல்லை. உள்ளிழுத்த காற்றை எஞ்சின் ஏறக்குறைய இருபதில் ஒரு பங்காக அமுக்குகின்றது. அவ்வமுக்கத்தாற் பிறக்கும் வெப்பமே டீசலைப் பற்றவைக்கின்றது. இத்தகைய எஞ்சினைச் சிறிய அளவில் ஆக்கும் முயற்சியில் ஜப்பான் முன்னின்றது. கமக்காரரின் உடலுழைப்பைக் குறைக்க விரும்பிய யமஒகா மகொகிச்சி என்பவரின் யன்மார் நிறுவனம் 1933 இல் நடைமுறைக்குகந்த சிறிய டீசல் எஞ்சினை ஆக்கியது. வயலுக்கென வகுக்கப்பட்ட எளிமை, பின்னர் வந்த வான்களின் எஞ்சின்களிலும் காணப்பட்டது.

ஹையேஸ், ஹைலக்ஸ் வாகனங்களில் வந்த 2.4 லீற்றர் 2எல் எஞ்சின், 2.8 லீற்றர் 3எல் எஞ்சின், டெலிக்காவின் 2.5 லீற்றர் 4டி56 எஞ்சின் ஆகியவற்றின் பழைய வகைகளில் டீசலை அளந்து செலுத்துவது பற்சக்கரமும் வில்லும் கொண்ட பம்ப் ஆகும். கணினிப் பெட்டி அங்கில்லை. அவற்றின் நொசில்கள் ஏறக்குறைய 100 முதல் 150 வரையான வளியமுக்கத்தில் திறக்கும். 1995 இல் ஜப்பானிய லொறிகளில் முதன்முதலாக வந்து, பின் எங்கும் பரவிய 'கொமன் ரெயில்' முறையில் இவ்வமுக்கம் ஆயிரத்தையும் கடந்தது. புதிய முறை எண்ணெயைச் சிக்கனப்படுத்துவது உண்மையே. எனினும் அதன் பழுதை ஆராயத் தனிக்கருவி தேவை. பழைய எஞ்சினையோ ஊர் மெக்கானிக் சாவிகளைக் கொண்டே கழற்றிப் பூட்டலாம். படகிலன்றிச் செல்லவியலாத நெடுந்தீவுக்கு இச்சிறப்புப் பெரிதாகும்.

தீவகத்தின் பகை உப்பு

இத்தகைய வாகனங்களைத் தீவகத்தில் அழிப்பது வயதைக் காட்டிலும் உப்பேயாம். அது மூன்று வழிகளில் வருகின்றது: கடற்காற்றுடன் வந்து இரும்பிற் படிகின்றது, தாம்போதியில் தெறிக்கும் நீருடன் வாகனத்தின் அடிப்பாகத்தை அடைகின்றது, கிணற்று நீருடன் எஞ்சினுட் புகுகின்றது. முதலிரண்டையும் பலர் அறிவர். மூன்றாவதையே பெரும்பாலோர் கவனிப்பதில்லை.

தீவகத்து நிலம் சுண்ணக்கல்லாலாயது. மழைநீர் அக்கல்லினூடாக இறங்கி, அடியிலுள்ள உவர்நீரின்மேல் மெல்லிய நன்னீர்ப் படையாக மிதக்கின்றது. கோடையில் இறைப்பு மிகும்போது உவர் மேலேறும். உவர்நீர் பாய்ந்தால் வெங்காயத் தாளின் நுனி கருகுதலைக் கமக்காரர் நன்கறிவர். பயிருக்குப் பாய்ச்சத் தயங்கும் அதே நீரை வாகனத்தின் றேடியேற்றரில் ஊற்றுவோரும் உளர்.

நல்ல கிணற்று நீரிலும் சுண்ணாம்பு உண்டு. தேநீர்க் கேத்திலின் அடியிற் படியும் வெண்படிவை நோக்குக. அதே படிவு றேடியேற்றரின் நுண்குழாய்களையும் எஞ்சினின் நீர்வழிகளையும் அடைத்து வெப்பம் வெளியேறாதவாறு தடுக்கின்றது. உப்போ உலோகத்தை அரிக்கின்றது. எஞ்சின் கொதித்து, ஹெட் எனப்படும் தலைப்பாகம் வளையும் அல்லது வெடிக்கும். 2எல், 2சி, 4டி56 போன்ற எஞ்சின்கள் பிற வகையில் உறுதியானவையாயினும் மிகை வெப்பத்தில் ஹெட் பழுதாகும் இயல்புடையன. இப்பழுதைத் திருத்தும் செலவு ஒரு போக வெங்காயத்தின் இலாபத்தையே விழுங்குதல் கூடும்.

குளிர்நீரைப் பேணும் முறை

1. றேடியேற்றரில் கிணற்று நீரைத் தனியே ஊற்றலாகாது. வடித்த நீரும் கூலன்ற் திரவமும் சம பங்காகக் கலந்து நிரப்புதல் சிறந்தது.

2. வடித்த நீர் கிடையாவிடின் மழைநீரைப் பயன்படுத்தலாம். முதல் மழை கூரையிற் படிந்த உப்பையும் தூசியையும் கழுவிச் செல்லவிட்டுப் பின்வரும் மழையைச் சேகரித்தல் வேண்டும். மழைநீர் மட்டும் போதாது. துருவைத் தடுப்பது கூலன்றே.

3. இரண்டு ஆண்டுகளுக்கொருமுறை பழைய நீரை முற்றாக அகற்றிக் கழுவி, மீண்டும் நிரப்புக.

4. வெப்ப நாடாதலின் தேர்மொஸ்ராற் தேவையில்லை எனக் கருதி அதைக் கழற்றுதல் தவறு. அது பழுதாயின் புதியதைப் பூட்டுதல் வேண்டும். றேடியேற்றர் மூடியின் இறப்பர் வளையமும் நல்ல நிலையில் இருத்தல் அவசியம்.

5. வழியில் வெப்பமானியின் முள் உயருமாயின் உடனே நிறுத்துக. சூடாகவுள்ள மூடியைத் திறத்தல் ஆபத்தானது. அரை மணி நேரமாயினும் ஆறவிட்டு, எஞ்சின் நன்கு தணிந்த பின்னரே நீர் சேர்த்தல் வேண்டும். கொதிக்கும் எஞ்சினில் குளிர்ந்த நீரை ஊற்றுவது ஹெட்டை வெடிக்கச் செய்யும். சந்தைக்குப் பிந்துவதால் நேரும் நட்டம் ஒரு நாளைக்குரியது. ஹெட் வெடித்தால் நேரும் நட்டம் ஒரு போகத்துக்குரியது.

டீசலைத் தூயதாக வைத்திருத்தல்

1990 ஆம் ஆண்டு தொடக்கம் போர்க்காலத்தில் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு எரிபொருள் வருவது தடைப்பட்டிருந்தது. பெற்றோல் வாகனங்களைச் சில துளி பெற்றோலாற் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓட்டியதை முதியோர் நன்கு நினைவுகூர்வர். நெருக்கடி கற்பித்த அவ்வித்தையை இன்று டீசல் வாகனத்திற் கையாளுதல் தகாது. டீசல் பம்பின் உட்பகுதிகளுக்கு மசகாக அமைவது டீசலே. மண்ணெண்ணெய் அதனினும் மெல்லியதாதலின் எஞ்சின் ஓடினாலும் பம்ப் விரைவில் தேய்ந்துவிடும்.

நீரும் அத்தகைய பகையே. பாதி வெறுமையான தாங்கியில் இரவுக் குளிரால் நீர்த்துளிகள் உண்டாகும். படகில் வரும் பீப்பாய்க்குள் கடல்நீர் தெறித்துப் புகுதலும் கூடும். ஆதலின் மாலையில் தாங்கியை இயன்றவரை நிறைத்து வைத்தல் நன்று. பீப்பாயை ஒரு நாள் அசையாது நிற்கவிட்டு, மேற்பகுதியிலிருந்து மட்டும் துணியினூடாக வடித்தெடுத்தல் வேண்டும். டீசல் வடிகட்டியின் அடித்திருகைத் தளர்த்திக் கிழமைக்கு ஒருமுறை நீரை வடியவிடுக. 2022 இல் டீசலுக்கு நீண்ட வரிசையில் நின்றவர்கள் அதன் ஒவ்வொரு லீற்றரின் அருமையையும் அறிவர். எண்ணெயைச் சேமித்து வைத்தால் மட்டும் போதாது. நீர் கலவாமற் காத்தலும் வேண்டும்.

ரைமிங் பெல்ற்

2எல், 3எல், 2சி, 4டி56 எஞ்சின்களில் வால்வுகளை இயக்குவது இறப்பராலான பற்பட்டியாகும். இது அறுந்தால் வால்வுகள் பிஸ்ரனில் மோதி எஞ்சின் அக்கணமே நின்றுவிடும். 1,00,000 கிலோமீற்றருக்கொருமுறை இதனை மாற்றுதல் வேண்டும். இசுசு எல்ஃப் லொறியின் 4ஜேபி1 எஞ்சினிலும், நிசானின் ரிடி27 எஞ்சினிலும் இவ்வேலையைப் பற்சக்கரங்கள் செய்வதால் இக்கவலை இல்லை. பழைய வாகனத்தின் தூரமானியை முழுதும் நம்பவியலாது. எனவே வாங்கியவுடன் பெல்ற்றைப் புதிதாக மாற்றி, மாற்றிய திகதியையும் தூரத்தையும் கதவின் உட்புறத்தில் எழுதி ஒட்டிவைத்தல் தக்கது.

வாங்குமுன் நோக்கத்தக்கவை

எஞ்சின் குளிர்ந்திருக்கும் காலை வேளையிற் சென்று பார்க்குக. முன்னரே சூடாக்கி வைத்த எஞ்சின் தன் குறையை மறைக்கும்.

புகையின் நிறம் பல செய்திகளைக் கூறும். சுமையின்றியும் கரும்புகை வருமாயின் காற்று வடிகட்டி அல்லது நொசில் குறையுடையது. நீலப்புகை எஞ்சின் ஒயில் எரிவதைக் காட்டும். சூடான பின்னும் வெண்புகை நீங்காவிடின் ஹெட்டினூடாக நீர் கசிதல் கூடும். றேடியேற்றர் நீரிற் குமிழ்கள் எழுவதும், ஒயில் பால்போல வெளிறியிருப்பதும் அதே குறையின் அறிகுறிகளாம்.

பின்னர் வாகனத்தின் அடியிற் படுத்து நோக்குக. பின் ஸ்பிறிங் பொருந்தும் இடங்களில் செஸியைச் சிறு சுத்தியலால் தட்டினால் நல்லிரும்பு கணீரென ஒலிக்கும். துருவிய இரும்பு மந்தமாக ஒலிக்கும். புதிய கருநிறப் பூச்சைக் கண்டு மகிழவேண்டாம். பூச்சின் கீழிருப்பதை ஆராய்தல் வேண்டும். மீன் ஏற்றிய பிக்கப் ஆயின் பெட்டியின் தளத்தை மேலும் நுணுகி நோக்குக. ஐஸ் கரைந்து வடிந்த உப்புநீர் கடற்காற்றினும் விரைவாக இரும்பை அரிக்கும். எஞ்சினைத் திருத்தலாம், மாற்றவும் செய்யலாம். செஸி போயின் வாகனமே போயிற்று என்க.

சுமையும் பிறேக்கும்

ஒரு தொன் பிக்கப்பில் மூட்டையொன்று 65 கிலோகிராம் எனின் 15 நெல் மூட்டைகளே 975 கிலோகிராமாகும். அதற்குமேல் ஏற்றுதல் ஸ்பிறிங்கையும் ரயரையும் கெடுப்பதோடு, வாகனம் நிற்கும் தூரத்தையும் நீட்டுகின்றது. பிறேக் எண்ணெய் செல்லும் இரும்புக் குழாய்கள் உப்பினால் வெளிப்புறத்திலிருந்து அரிக்கப்பட்டுத் திடீரென வெடித்தல் உண்டு. மூட்டைகளின்மேல் ஏறிவரும் கூலியாட்களின் உயிர் இக்குழாயைச் சார்ந்துள்ளது. ஆண்டுதோறும் இவற்றைப் பார்வையிட்டு, துரு செதிலாக எழுந்த குழாய்களைத் தயங்காது மாற்றுதல் வேண்டும்.

ஒழுங்காகச் செய்யத்தக்கவை

நாடோறும்: ஒயில், குளிர்நீர், பிறேக் எண்ணெய் ஆகியவற்றின் மட்டம் பார்த்தல்.

கிழமைதோறும்: வடிகட்டியிலிருந்து நீரை வடித்தல், அடிப்பாகத்தை நன்னீராற் கழுவுதல். கடலில் அலை மிகுந்த நாட்களில் தாம்போதியைக் கடந்திருப்பின் அன்றே கழுவுதல் நலம்.

5,000 கிலோமீற்றர் அல்லது ஆறு மாதத்துக்கொருமுறை: ஒயிலும் அதன் வடிகட்டியும் மாற்றுதல்.

10,000 கிலோமீற்றருக்கொருமுறை: டீசல் வடிகட்டியை மாற்றுதல்.

பெரும்போக மழைக்கு முன்: செஸியைச் சுரண்டித் துருத்தடுப்புப் பூச்சிடுதல்.

கழிவு ஒயிலும் கிணறும்

கழிவு ஒயிலை அடிப்பாகத்திற் பூசுதல் துருவைத் தடுக்கும் எனப் பலர் கருதுவர். அது இறப்பர் குழாய்களை ஊதச்செய்து கெடுக்கும். மழையில் வழிந்து நிலத்தையும் அடையும். வெடிப்புகள் நிறைந்த சுண்ணக்கல்லினூடாக ஒயில் எளிதிற் கிணற்றைச் சேரும். ஒருமுறை கெட்ட நன்னீர்ப் படையைத் தூயதாக்குதல் மிகவும் அரிது. ஆதலின் கழிவு ஒயிலை மூடிய கலத்திற் சேர்த்து, அதனைக் கொள்முதல் செய்யும் கராஜிற் கொடுத்தல் வேண்டும். சந்தைக்குச் செல்லும் வாகனத்தைக் காக்கும் முயற்சி, பயிரை விளைவிக்கும் கிணற்றைக் கெடுத்தலாகாது.

முடிவுரை

பழைய ஜப்பானிய டீசல் எஞ்சின் எளிமையானது, பொறுமையுள்ளது. எனினும் உவர்நீரையும் கலங்கிய எண்ணெயையும் அது பொறுத்துக்கொள்ளாது. வெங்காயப் பாத்திக்கு எந்நீர் உகந்தது என்று நாவிலிட்டுச் சுவைத்தறியும் தீவகக் கமக்காரர், அதே கவனத்தைத் தம் வாகனத்தின்மீதும் செலுத்துவாராயின் அது இன்னும் பல போகங்களுக்கு உழைக்கும். விளைந்த பொருளும் வாடாமல் விடியுமுன் சந்தையைச் சேரும்.