நாற்காலியைத் தள்ளிப் போடுங்கள்

நூறு கிலோமீட்டர் நிதி திரட்டும் நடைக்குத் தன்னார்வலராகப் பெயர் கொடுப்பவர்களில் பலர் கைதட்டுவதுதான் வேலை என்று நினைத்துக்கொண்டு வருகிறார்கள். தொடக்கத்திலும் முடிவிலும் கைதட்ட ஆள் தேவைக்கு மேலேயே இருக்கும். இரவு இரண்டு மணிக்கு மலைமேல் செக்பாயின்டில்தான் ஆள் பற்றாது. அங்கே உங்கள் வேலை எண்ணுவது. வந்தவர் எத்தனை பேர், போனவர் எத்தனை பேர், இன்னும் வராதவர் யார்? இந்த மூன்றுக்கும் எந்த நேரமும் பதில் இருந்தால் நீங்கள் நல்ல தன்னார்வலர்.

ஹாங்காங்கின் ஆக்ஸ்ஃபாம் டிரெயில்வாக்கரை வைத்தே சொல்கிறேன். 1981-இல் கூர்க்கா படைவீரர்களின் பயிற்சியாகத் தொடங்கி, 1986-இல் ஆக்ஸ்ஃபாம் சேர்ந்தபின் பொதுமக்களுக்கும் திறந்துவிடப்பட்ட நடை அது. நான்கு பேர் கொண்ட அணி 100 கிலோமீட்டரை 48 மணி நேரத்துக்குள் கடக்க வேண்டும். பெரும்பகுதி மெக்லஹோஸ் மலைப்பாதை. சாய்குங் பக்கம் தொடங்கி, மா ஓன் ஷான், நீடில் ஹில், 957 மீட்டர் உயரத் தாய் மோ ஷான் என்று ஏறி இறங்கி மேற்கே போகும்.

முதலில் தயாரிப்பு. நிற்பவருக்கு நடப்பவரைவிடக் குளிரும். காற்று புகாத மேல்சட்டை, ஹெட்லைட், மாற்று பேட்டரி, சொந்தச் சாப்பாடு போதும். நடப்பவர்களுக்கு வைத்திருக்கும் வாழைப்பழத்தில் கை வைக்கக்கூடாது. பகல் ஷிஃப்ட் காம் ஷான் பக்கம் என்றால் பிளாஸ்டிக் பையைக் கையில் தொங்கவிடாதீர்கள். அங்குள்ள குரங்குகளுக்குப் பை என்றாலே தின்பண்டம்தான்.

அடுத்து, எண்கம்பம். மெக்லஹோஸ் பாதையில் 500 மீட்டருக்கு ஒன்றாக எண் போட்ட கம்பங்கள் நிற்கின்றன. வழியில் ஒருவர் விழுந்துவிட்டதாகப் போன் வந்தால், "எங்கே இருக்கிறீர்கள்?" என்று கேட்காதீர்கள், "ஒரு மரத்துக்குப் பக்கத்தில்" என்றுதான் பதில் வரும். கடைசியாகப் பார்த்த கம்பத்தின் எண்ணைக் கேளுங்கள். அதைப் பாதியாக்கினால் பாதையின் கிலோமீட்டர் கணக்கு கிடைத்துவிடும். 130 என்றால் 65. மீட்புக்குப் போகிறவர்களுக்கு அந்த எண்ணே போதும்.

பதிவேடு சுலபம். நால்வரும் சேர்ந்து வந்தால்தான் அணி வந்ததாகக் கணக்கு. "அவன் பின்னாலேயே வர்றான், போட்டுக்குங்க" என்பார்கள். போடாதீர்கள்.

இனி எல்லோரும் தடுக்கி விழும் இடத்துக்கு வருவோம்: வந்து உட்கார்ந்துவிடுகிறவர்.

புதிதாக வருகிற தன்னார்வலர் பரிவோடு நாற்காலியை வரிசையாகப் போட்டு, சூடான பானத்தையும் பக்கத்திலேயே வைத்துவிடுவார். ஐந்து நிமிடத்தில் வியர்வையில் நனைந்த சட்டை குளிரும், தசை இறுகும், எழ மனம் வராது. என் விதி இது: நாற்காலி குறைவாக இருக்கட்டும், பானத்துக்கு எட்டத்தில் இருக்கட்டும். உட்கார்ந்தே ஆக வேண்டியவர் தேடிப்போய் உட்காருவார். அப்போதே யாரைக் கவனிக்க வேண்டும் என்பதும் உங்களுக்குத் தெரிந்துவிடும்.

அவரிடம் "நல்லா இருக்கீங்களா?" என்று கேட்பது வீண். எல்லோரும் தலையாட்டுவார்கள். பதில் சொல்லியே தீரவேண்டிய கேள்வியாகக் கேளுங்கள். கடைசியாக எப்போது சிறுநீர் கழித்தீர்கள்? முந்தின செக்பாயின்டில் என்ன சாப்பிட்டீர்கள்? உங்கள் அணி எண் என்ன? கூட வந்தவர்கள் முந்திக்கொண்டு பதில் சொல்வார்கள். கையமர்த்திவிட்டு அவர் வாயிலிருந்தே வரவழையுங்கள். வாய் குழறினால், எண் தடுமாறினால், எழுந்து நிற்கும்போது தள்ளாடினால், மேற்கொண்டு யோசிக்க ஒன்றுமில்லை. முதலுதவிக்காரரைக் கூப்பிடுங்கள்.

தண்ணீர் விஷயத்தில்தான் நல்ல மனசு கெடுதல் செய்யும். சோர்ந்தவரைக் கண்டதும் பாட்டில் பாட்டிலாக ஊட்டுகிறார்கள். மணிக்கணக்கில் வியர்த்தவர் வெறும் தண்ணீரையே அளவுக்கு மீறிக் குடித்தால் ரத்தத்தில் சோடியம் குறையும். குமட்டல், தலைவலி, குழப்பம் எல்லாம் வரும். வெளிப்பார்வைக்கு நீர்வற்றியவர் போலவே இருப்பார். விரல் வீங்கி மோதிரம் இறுகியிருந்தால் சந்தேகப்படுங்கள். எது என்று தீர்மானிப்பது உங்கள் வேலையல்ல. தெரியாதபோது இன்னொரு பாட்டிலை நீட்டாமல் இருப்பது உங்கள் வேலை. வலி மாத்திரையும் அப்படித்தான். உங்கள் பையில் இருந்தாலும் கொடுக்காதீர்கள்.

நடுங்கிக்கொண்டிருந்தவர் போர்வைகூட இல்லாமல் திடீரென்று நடுக்கம் நின்று அமைதியானால், தேறிவிட்டார் என்று எண்ண வேண்டாம். அது மோசமான அறிகுறி. ஈரச் சட்டையைக் கழற்றி, உலர்ந்த துணி சுற்றி, காற்றுக்கு மறைவில் வைத்து, உடனே ஆள் அனுப்புங்கள்.

"இன்னும் கொஞ்ச தூரம்தான்" என்ற பொய்யை மட்டும் யாரிடமும் சொல்லாதீர்கள். அடுத்த செக்பாயின்ட் எத்தனை கிலோமீட்டர், நடுவில் ஏற்றம் எவ்வளவு, அவ்வளவுதான். இரண்டையும் ஒரு தாளில் பெரிதாக எழுதி ஒட்டிவிட்டால் தொண்டையும் மிச்சம்.

விலகுகிறேன் என்று ஒருவர் சொன்னால் வாதாடவும் வேண்டாம், உடனே எழுதவும் வேண்டாம். ஏதாவது தின்னக் கொடுத்து, பத்து நிமிடம் கழித்து மறுபடி கேளுங்கள். அப்போதும் அதையே சொன்னால், அவர் வாயாலேயே மற்ற மூவரிடமும் சொல்ல வையுங்கள். இல்லாவிட்டால் அவர்கள் அடுத்த செக்பாயின்டில் அவருக்காகக் காத்துக் கிடப்பார்கள். எண் அட்டையை வாங்குங்கள், நேரத்தோடு எழுதுங்கள், கட்டுப்பாட்டு மையத்துக்குச் சொல்லுங்கள், அங்கே எழுதிக்கொண்டார்களா என்று திருப்பிக் கேளுங்கள். யாருக்கும் சொல்லாமல் டாக்சி பிடித்து வீட்டுக்குப் போய்த் தூங்கும் ஒருவருக்காக, நல்ல உடம்புள்ள பலர் இருட்டில் மலையைச் சலிக்க வேண்டியிருக்கும். வாகனம் வரும்வரை அவரைத் தனியே விடாதீர்கள். அணியில் ஒரே ஆள் மிஞ்சினால் அவரையும் தனியே அனுப்பாதீர்கள். மையத்தைக் கேட்டு வேறொரு அணியோடு சேர்த்துவிடுங்கள்.

ஷிஃப்ட் மாறும்போது வராதவர் பட்டியலை வாய்விட்டுப் படித்து ஒப்படையுங்கள். அடுத்து வந்தவர் அதைச் சரிபார்த்து முடிக்கும்வரை கிளம்ப வேண்டாம்.

பதிவுப் படிவத்தில் நேரம் தேர்ந்தெடுக்கும்போது நள்ளிரவு ஷிஃப்டைக் குறியுங்கள். அதற்குத்தான் பெயர்கள் கடைசியில் நிரம்புகின்றன.