பிகாசாவை விட்டு மாறலாமா?

கேள்வி: பல வருடமாக பிகாசாவில் குடும்பப் படங்களை அடுக்கி வைத்திருக்கிறேன். இப்போது புதுக் கம்ப்யூட்டர் வாங்கியிருக்கிறேன். வேறு மென்பொருளுக்கு மாறினால் முகங்களுக்குக் கொடுத்த பெயர்கள், படக்குறிப்புகள் எல்லாம் போய்விடுமா?

பதில்: பழைய கம்ப்யூட்டரிலேயே சில வேலைகளை முடித்துவிட்டால் போகாது. பிகாசாவை கூகுள் 2016-லேயே நிறுத்திவிட்டது. எனவே மாறுவதுதான் நல்லது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும் இலவச மென்பொருளான டிஜிகாமைப் பரிந்துரைக்கிறேன்.

படங்கள் உங்கள் ஃபோல்டர்களில்தான் இருக்கின்றன. ஜேபெக் படங்களுக்கு எழுதிய குறிப்புகள் படத்துக்குள்ளேயே பதிந்திருக்கும். முகப் பெயர்கள் அப்படியல்ல. பிகாசா 3.9-இல் டூல்ஸ் மெனுவின் எக்ஸ்பெரிமென்டல் பகுதியில், முகங்களை எக்ஸ்எம்பியாக (படத்துக்குள்ளேயே விவரம் பதியும் முறை) எழுதும் வசதி உண்டு. அதை இயக்கினால் பெயர்கள் படத்தோடு சேர்ந்துவிடும். வெளிச்சம், நிறம் திருத்திய படங்களை 'சேவ்' கொடுத்துச் சேமியுங்கள். இல்லாவிட்டால் புது மென்பொருளில் திருத்தாத படமே தெரியும். பிகாசாவில் ஆல்பம் என்பது வெறும் பட்டியல்தான். முக்கியமானவற்றைத் தனி ஃபோல்டராக எக்ஸ்போர்ட் செய்துகொள்ளுங்கள்.

இவற்றைத் தொடங்கும் முன், எல்லாப் படங்களையும் வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்றில் பிரதி எடுத்துவிடுங்கள். டிஜிகாமிலும், விவரங்களைப் படத்துக்குள் எழுதும் அமைப்பை இயக்கி வையுங்கள். நாளை அதையும் விட்டு மாற நேர்ந்தால், உங்கள் உழைப்பு படங்களோடு கூடவே வரும். பெயர்கள் சரியாக வந்ததைப் பார்த்த பிறகே பழைய கம்ப்யூட்டரைக் கொடுங்கள். தாத்தா பாட்டி முகங்களுக்கு நீங்கள் எழுதிய பெயர்கள் பேரப்பிள்ளைகளுக்குப் போய்ச் சேர வேண்டியவை.