தரைக்கடைக்காரர் கையில் இருக்க வேண்டிய காகிதங்கள்

மதுரைக்குத் தெற்கே ஒரு நகராட்சியில், பஸ் ஸ்டாண்டை ஒட்டிய தெருவில் தள்ளுவண்டியில் பழம் விற்கிறேன். எனக்கு முன்னால் அதே இடத்தில் என் மாமியார் சாக்கு விரித்து வெள்ளரிப்பிஞ்சும் மாங்காயும் விற்றார். எங்கள் தெரு வியாபாரிகள் ஓட்டுப் போட்டு என்னை நகர விற்பனைக் குழுவுக்கு அனுப்பிய பிறகு, சட்டம் என்ன சொல்கிறது, அலுவலகத்தில் என்ன நடக்கிறது என்று இரண்டையும் கிட்டத்தில் இருந்து பார்த்து வருகிறேன். மற்ற ஊர்களில் கடை போடுகிறவர்களுக்குப் பயன்படும் என்று தோன்றியதை மட்டும் எழுதுகிறேன்.

முதலில் மனதில் பதிய வேண்டியது, ரோட்டோரம் கடை போடுவது யாரோ இரக்கப்பட்டுத் தந்த சலுகை இல்லை என்பது. 1989-இல் சோதன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், தெருவோர வியாபாரமும் அரசியல் சாசனத்தின் 19(1)(ஜி) பிரிவு தரும் தொழில் உரிமைக்குள் வரும், அரசு அதை நியாயமான அளவில் முறைப்படுத்தலாம் என்று சொன்னது. 2014-இல் சாலையோர வியாபாரிகளுக்கென்றே மத்தியச் சட்டம் வந்தது. அந்த வருடம் மே 1 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. ஐந்து வருடத்துக்கு ஒரு முறையாவது வியாபாரிகளைக் கணக்கெடுக்க வேண்டும். கணக்கெடுத்து எல்லோருக்கும் விற்பனைச் சான்றிதழ் கொடுத்து முடிக்கும் வரை யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது. இது அதன் 3-ஆம் பிரிவு. ரயில்வே இடத்துக்கு மட்டும் இந்தச் சட்டம் செல்லாது, ஸ்டேஷன் வாசலில் கடை வைத்திருப்பவர்கள் அதைக் கவனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆக, எல்லாம் கணக்கெடுப்பில் போய் நிற்கிறது. பட்டியலில் பேர் ஏறினால் சான்றிதழ், அடையாள அட்டை, வங்கிக் கடன் என்று ஒவ்வொன்றாகப் பின்னால் வரும். பேர் விட்டுப்போனால் நீங்கள் வெறும் ஆக்கிரமிப்பு. எங்கள் ஊரில் கணக்கெடுக்க வந்தவர்கள் காலை பதினொரு மணிக்கு வந்து நாலு மணிக்குப் போனார்கள். அந்த நேரத்தில் தெருவில் இருப்பது யார்? பழவண்டி, செருப்பு தைப்பவர், பிளாஸ்டிக் சாமான் கடை. விடியற்காலையில் வந்து எட்டு மணிக்குள் கூடையைக் கவிழ்த்துப் போட்டுக் கிளம்பிவிடும் பூக்காரம்மாக்கள் இல்லை, கீரைக்காரம்மாக்கள் இல்லை. சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் அடுப்பு பற்றவைக்கும் இட்லிக்கடை, பணியாரக்கடைப் பெண்களும் இல்லை. விட்டுப்போனவர்களில் பாதிக்கு மேல் பெண்கள். திட்டம் போட்டு விட்டார்கள் என்று நான் சொல்லவில்லை. அலுவலக நேரத்தில் எண்ணினால் அலுவலக நேரத்தில் இருப்பவர்கள்தான் கணக்கில் வருவார்கள். கணக்கெடுப்பு என்று காதில் விழுந்த உடனே, விடியற்காலை ஒரு நடை, இரவு ஒரு நடை என்று நேரம் பிரித்து எடுக்கச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். வாயால் கேட்டதை யாரும் ஞாபகம் வைத்துக்கொள்வதில்லை.

எங்கள் தெருவில் ஒரு கீரைக்கார அப்பத்தா உண்டு. முதல் பஸ்ஸில் வந்து இறங்கும்போது தலைச்சுமையில் ஈரம் சொட்டும். அரைக்கீரை, தண்டங்கீரை, பொன்னாங்கண்ணி எல்லாம் வாழைநாரில் கட்டியிருக்கும். “ஏத்தா, என்னைய எழுதலையாமே, நான் பஞ்சாயத்துக்காரியாமே” என்று வந்து நின்றார். ஆதார் அட்டையில் கிராமத்து முகவரி. அதனால் நகராட்சிப் பட்டியலில் சேர்க்க முடியாது என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். மத்தியச் சட்டம் எங்கே விற்கிறீர்கள் என்பதைப் பார்த்துத்தான் சான்றிதழ் கொடுக்கச் சொல்கிறது. கொரோனா ஊரடங்குக்குப் பிறகு 2020 ஜூனில் வந்த பிரதமர் ஸ்வநிதி கடன் திட்டத்தில், சுற்று வட்டார கிராமங்களிலிருந்து வந்து நகர எல்லைக்குள் விற்பவர்களும் உண்டு என்று தெளிவாகவே எழுதியிருக்கிறது. பட்டியலில் இல்லாதவர்கள் நகராட்சியிடம் பரிந்துரைக் கடிதம் வாங்கி அந்தக் கடனுக்கு விண்ணப்பிக்கலாம். அப்பத்தா அப்படித்தான் முதல் கடன் பத்தாயிரம் ரூபாய் வாங்கினார். காலையில் கொடுத்துச் சாயங்காலம் வட்டியோடு பிடுங்கும் தண்டல்காரரிடமிருந்து மீண்டார். அதைவிடப் பெரிது, அந்தக் கடிதமே பிறகு அவர் எங்கள் ஊரில் வியாபாரம் செய்கிறவர் என்பதற்கு நகராட்சி முத்திரையோடு சாட்சி ஆனது. இப்போது முதல் கடன் பதினைந்தாயிரம், அடுத்தது இருபத்தைந்தாயிரம், மூன்றாவது ஐம்பதாயிரம். தவணை தவறாமல் கட்டினால் ஏழு சதவீத வட்டி மானியம் கிடைக்கும். கடன் தேவைப்படாதவர்களும் அந்தக் கடிதத்தை வாங்க முடிந்தால் வாங்கிவையுங்கள்.

சாட்சி என்று சொல்லும்போது சுங்கச் சீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். தினசரி நாம் கட்டும் காசுக்குக் கொடுக்கும் சீட்டைப் பெரும்பாலோர் அங்கேயே கசக்கிப் போடுகிறோம். இந்த இடத்தில் இந்தத் தேதியில் நகராட்சி என்னிடம் காசு வாங்கியது என்பதற்கு அதைவிட நல்ல அத்தாட்சி கிடையாது. கையில் பிடிக்கும் மிஷினில் வரும் சீட்டு சில மாதத்தில் வெளுத்து வெறும் வெள்ளைத்தாள் ஆகிவிடும். மாதத்துக்கு நாலைந்து சீட்டையாவது அன்றன்றைக்கே ஜெராக்ஸ் எடுத்துவிடுங்கள். குத்தகைதாரர் ஆள் சீட்டுக் கொடுக்காமல் காசு கேட்டால், சீட்டு கொடுங்கள் என்று நின்று கேளுங்கள். கட்டண விவரப் பலகை எங்கே என்றும் கேளுங்கள். போனில் கடையைப் படம் எடுக்கும்போது பின்னால் பஸ் ஸ்டாண்டு போர்டோ கோயில் கோபுரமோ தெரிகிற மாதிரி எடுத்தால், இடத்தைப் பற்றி யாரும் வாதாட முடியாது.

பொருளை அள்ளிக்கொண்டு போகும் நாள்தான் எல்லோரையும் நிலைகுலைய வைக்கும். டிராக்டர் வந்து நிற்கும், தராசு போகும், படுதா போகும், பழம் கூடையோடு போகும். அழுகையும் கூச்சலுமாக நிற்கும் அந்த நேரத்தில் ஒருவராவது நிதானமாகச் சொல்ல வேண்டிய வாசகம் ஒன்றுதான்: “சார், லிஸ்ட் எழுதி ஒரு காப்பி குடுத்துட்டு ஏத்துங்க.” சட்டத்தின் 19-ஆம் பிரிவு அதைச் சொல்கிறது. பறிமுதல் செய்யும் பொருளுக்குப் பட்டியல் எழுதி நம்மிடம் ஒரு நகல் தர வேண்டும். நாம் போய்க் கேட்டால் அழுகும் பொருளை அன்றைக்கே, மற்றதை இரண்டு வேலை நாளுக்குள், உரிய கட்டணம் வாங்கிக்கொண்டு திருப்பித் தர வேண்டும். ஒருமுறை எங்கள் தெருவில் இப்படிக் கேட்டபோது பேப்பர் இல்லை என்றார்கள். பக்கத்துக் கடையில் ஒரு குயர் நோட்டு வாங்கி நாங்களே நீட்டினோம். மூன்று தார் வாழைப்பழம், இரண்டு கூடை கொய்யா, ஒரு எலக்ட்ரானிக் தராசு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார் ஒரு ஊழியர். அந்தத் தாள் இருந்ததால் பழம் அன்று மாலைக்குள் திரும்பி வந்தது. தாள் இல்லாமல் போய் நின்றவர்களின் பொருள் எந்த மூலையில் கிடந்தது என்று தேடிப் பார்க்கக்கூட ஆள் இல்லை. சான்றிதழ் இருப்பவர்களை இடம் மாற்றுவதென்றாலும் முப்பது நாள் முன்னறிவிப்பு வேண்டும். ராத்திரியோடு ராத்திரியாகக் காலி செய்யச் சொன்னால், நோட்டீஸ் எங்கே என்று கேளுங்கள்.

குழுவுக்கு வருகிறேன். ஆணையர் தலைவராக இருக்கும் நகர விற்பனைக் குழுவில் நாற்பது சதவீதத்துக்குக் குறையாமல் வியாபாரிகள் இருக்க வேண்டும். அவர்களை வியாபாரிகளே தேர்ந்தெடுக்க வேண்டும், அதில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். உட்கார நாற்காலி கிடைத்ததும் வேலை முடிந்துவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். கூட்டத்தில் டீ வரும், பிஸ்கட் வரும், கடைசியில் தீர்மானப் புத்தகம் வரும். எழுதி முடிக்காத பக்கத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். விற்பனை மண்டலம் குறிக்கும் கூட்டத்துக்கு வெறும் கையோடும் போகாதீர்கள். நாங்கள் டேப் பிடித்துத் தெருவை அளந்து, எந்தக் கடை எத்தனை அடி, எந்த நேரம், நடக்கிறவர்களுக்கு எத்தனை அடி மிச்சம் என்று ஒரு சார்ட் பேப்பரில் வரைந்து எடுத்துப்போனோம். அதுவரை ‘போக்குவரத்துக்கு இடைஞ்சல்’ என்ற இரண்டு வார்த்தையில் முடிந்த பேச்சு, அதன் பிறகு அடிக்கணக்கில் நடந்தது. எங்கள் தெரு தப்பித்ததற்கு அந்தப் படம்தான் காரணம் என்று உறுதியாக நம்புகிறேன். உங்கள் ஊரில் குழு இருக்கிறதா, யார் யார் உறுப்பினர், கடைசியாக எப்போது கூடியது என்பதே தெரியாவிட்டால், பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டித் தகவல் உரிமை மனு போடுங்கள். முப்பது நாளில் பதில் தர வேண்டும்.

‘மக்கள்தொகையில் இரண்டரை சதவீதம் வரைதான் வியாபாரிகளுக்கு இடம்’ என்ற பேச்சும் குழுவில் அடிக்கடி வரும். பயந்துவிடாதீர்கள். ஒரு லட்சம் பேர் வாழும் ஊரில் அது 2,500 வியாபாரிகள். ஒரு மண்டலத்தில் இடம் போதாவிட்டால் குலுக்கல் போட்டு, மீதிப் பேருக்குப் பக்கத்து மண்டலத்தில் இடம் தரச் சொல்கிறது சட்டம்.

பழைய சந்தைக்காரர்களுக்குத் தனியாக ஒன்று. ஐம்பது வருடத்துக்கு மேல் வியாபாரம் நடந்துவரும் இயல்பான சந்தையைப் பாரம்பரியச் சந்தையாக அறிவிக்க வேண்டும், அங்கிருப்பவர்களை இடம் மாற்றக் கூடாது என்று சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது. தமிழ்நாட்டில் கோயில் வாசல் பூக்கடைத் தெரு, வாரச்சந்தை என்று எத்தனையோ இதற்குள் வரும். ஐம்பது வருடத்தை எப்படிக் காட்டுவது? என் மாமியாரின் பழைய சீட்டு, திருவிழா நோட்டீஸில் ‘சந்தைப்பேட்டை’ என்று அச்சான வரி, பழைய கல்யாண ஆல்பத்தில் ஊர்வலத்துக்குப் பின்னால் தெரியும் கடைகள், நகராட்சியின் பழைய ஏலத் தீர்மானம் என்று இப்போது ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டிருக்கிறோம். வயதானவர்கள் இருக்கும்போதே இதைச் செய்ய வேண்டும்.

நம் பக்கமும் ஒழுங்கு வேண்டும். ஒரே ஆள் நாலு இடத்தைப் பிடித்து உள்வாடகைக்கு விடுவது எங்கள் ஊரில் உண்டு. சான்றிதழை வாடகைக்கு விடவோ மாற்றித் தரவோ கூடாது. சங்கம் இதற்குக் கண்ணை மூடிக்கொண்டால், உண்மையில் வெயிலில் நிற்கிறவளின் இடம்தான் பறிபோகிறது. இதில் எனக்குத் தயவு தாட்சண்யம் கிடையாது. சான்றிதழ்க்காரர் இறந்துபோனாலோ, அவருக்கு நிரந்தர ஊனமோ நோயோ வந்தாலோ, சான்றிதழின் காலம் முடியும் வரை மனைவியோ கணவரோ, அவரை நம்பியிருந்த பிள்ளையோ அதே இடத்தில் தொடரலாம். இந்த விவரம் தெரியாமல் துக்க வீட்டிலேயே இடத்தைப் பறிகொடுத்த பெண்கள் இருக்கிறார்கள். தின்பண்டம் விற்பவர்களுக்கு உணவுப் பாதுகாப்புப் பதிவும் இருக்க வேண்டும். நான் எடுத்தபோது வருடத்துக்கு நூறு ரூபாய்தான், ஆன்லைனில் நாமே போடலாம், ஆயிரம் கேட்கும் தரகர் தேவையில்லை. எலக்ட்ரானிக் தராசுக்கு வருடா வருடம் முத்திரை போட்டுவிடுங்கள்.

அடுத்த கணக்கெடுப்பு எங்கள் ஊரில் விடியற்காலை நாலரை மணிக்குப் பூக்கடைப் பக்கமிருந்து ஆரம்பிக்க வேண்டும் என்று குழுவில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். தீர்மானப் புத்தகத்தில் அது ஏறிவிட்டது. அந்தப் பக்கத்தின் நகலுக்கு மனு போட்டிருக்கிறோம், கைக்கு வந்ததும் எங்கள் தெருவில் ஆளுக்கொன்று ஜெராக்ஸ் எடுத்துக் கொடுக்கப்போகிறோம்.