ஆமைத் தடம் காட்டிய வழி

ஒன்பதாம் வகுப்பில் "நீ என்ன ஆகப் போகிறாய்?" என்று கேட்டுப் பாருங்கள். நாற்பது பேரிடமிருந்து ஆறு பதில்கள்தாம் வரும். மருத்துவர், பொறியாளர், ஆட்சியர், காவல்துறை, ராணுவம், ஆசிரியர். பிள்ளைகளுக்குக் கனவு காணத் தெரியவில்லை என்று நாம் குறைப்படுகிறோம். உண்மையில் அவர்கள் கண்ணால் பார்த்த வேலைகள் அவ்வளவுதான். பார்க்காத வேலைக்கு ஆசைப்படுவது எப்படி?

நான் பணிபுரியும் பள்ளி சென்னைக்குத் தெற்கே கடலோரத்தில் உள்ளது. சில ஆண்டுகளுக்கு முன் சுற்றுச்சூழல் மன்ற மாணவர்கள் பதினொரு பேரைப் பெற்றோர் துணையோடு ஆமை நடைக்கு அழைத்துச் சென்றேன். தொழில் வழிகாட்டல் என்ற எண்ணமெல்லாம் அப்போது எனக்கு இல்லை. அறிவியல் பாடத்துக்கு உதவும் என்றுதான் நினைத்தேன்.

ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமைகள் முட்டையிட நம் கரைக்கு வருகின்றன. தன்னார்வலர்கள் நள்ளிரவுக்குச் சற்று முன் கிளம்பி விடியும்வரை மணலில் நடக்கிறார்கள். பெரும்பாலான இரவுகளில் ஒன்றுமே நடக்காது. நடை, தூக்கம், கால்வலி, மறுபடி நடை. தடம் தென்பட்டால் எல்லாம் மாறிவிடும். டிராக்டர் சக்கரம் போனதுபோல ஒரு பட்டை கடலிலிருந்து ஏறி, மேட்டில் குழம்பி, மறுபடி கடலுக்குத் திரும்பியிருக்கும். குழம்பிய இடத்தில் குச்சியால் மெல்லக் குத்திப் பார்ப்பார்கள். மணல் இளகிக் கொடுக்கும் இடத்தில் கையால் தோண்டினால், முழங்கை ஆழத்துக்கும் கீழே, மேசைப்பந்து அளவில் நூறு, நூற்றிருபது முட்டைகள். குழியின் ஆழம், வாயின் அகலம், முட்டைகளின் எண்ணிக்கை எல்லாவற்றையும் குறித்துக்கொண்டு, சில மணி நேரத்துக்குள் பொரிப்பகத்தில் அதே அளவில் குழி வெட்டிப் புதைத்துவிட வேண்டும். தாமதமானபின் முட்டையைப் புரட்டினால் உள்ளே இருக்கும் கரு செத்துவிடும்.

அந்த இரவில் நான் கவனித்தது ஆமையை அல்ல, பிள்ளைகளை. ஒரு பெண் கடைசிவரை முட்டையின் பக்கமே வரவில்லை. கரையோர விளக்குகளை எண்ணிக்கொண்டிருந்தாள். குஞ்சுகள் கடலின் வெளிச்சத்தைத் தேடிப் போவதற்குப் பதிலாகத் தெருவிளக்கை நோக்கிப் போய்விடும் என்று தன்னார்வலர் ஒருவர் சொல்லியிருந்தார். "விளக்கை அணைக்கச் சொல்லி யாருக்கு எழுதணும்?" என்று அவள் கேட்டாள். இன்னொருவனுக்குத் தோண்டும் வேலை மட்டும் போதும். மூன்று பேர் தூங்கிவிட்டார்கள். அதிலும் தவறில்லை.

ஒரு மீனவக் குடும்பத்துப் பையன் டார்ச் இல்லாமலே தடத்தை முதலில் கண்டுபிடித்தான். வகுப்பில் வாய் திறக்காதவன். இங்கேதான் நான் ஒரு பிழை செய்தேன். மறுநாள் வகுப்பில், கரை ஒதுங்கும் செத்த ஆமைகளைப் பற்றிச் சொல்லும்போது "மீனவர்களின் வலையில் சிக்கி இறக்கின்றன" என்று பொதுவாகச் சொல்லிவிட்டேன். அவன் தலையைக் குனிந்துகொண்டான். இடைவேளையில் வந்து, "சார், எங்க அப்பா ஃபைபர் போட்ல போறவரு. செத்ததெல்லாம் விசைப்படகு இழுவலையில மாட்டுனது" என்றான்.

அவன் சொன்னது சரி. ஆமைக்கு நுரையீரல்தான். காற்றுக்காக மேலே வந்தாக வேண்டும். இழுவலை நீண்ட நேரம் நீருக்கடியில் இழுக்கப்படுவதால் உள்ளே சிக்கியது மூச்சுமுட்டிச் சாகிறது. கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள் விசைப்படகுகள் மீன்பிடிக்கக்கூடாது என்ற விதியும், ஆமை வெளியேறும் கருவியை வலையில் பொருத்த வேண்டும் என்ற விதியும் இதற்காகத்தான் பேசப்படுகின்றன. மறுநாள் அதே வகுப்பில் நான் சொன்னதைத் திருத்திக்கொண்டேன். விசைப்படகுக்கும் சிறுபடகுக்கும் உள்ள வேறுபாட்டை அவனையே விளக்கச் சொன்னேன். பாதுகாப்பு என்ற பெயரில் ஒரு பிள்ளையை அவன் தகப்பனுக்கு எதிராக நிறுத்திவிட்டால், அந்தத் துறையின் கதவை நாமே அவனுக்குச் சாத்திவிடுகிறோம்.

அதன்பின் அந்தப் பருவம் முழுக்க, வீட்டில் கேட்டுக்கொண்டு, சனிக்கிழமைகளில் அவன் நடைக்குப் போனான். அறிவியல் ரெக்கார்டை ஒருநாளும் நேரத்துக்குக் கொடுக்காதவன், பொரிப்பகத்துக் குழிகளுக்கென்று சொந்தமாக ஒரு நோட்டு வைத்திருந்தான். தேதி, முட்டை எண்ணிக்கை, குஞ்சு வெளிவந்த நாள். ஏப்ரலில் அதைக் கொண்டுவந்து, "ஜனவரி குழி பொரிக்க அதிக நாள் எடுக்குது, மார்ச் குழி சீக்கிரம் பொரிக்குது, ஏன் சார்?" என்றான். மணலின் வெப்பம்தான் காரணம். அதே வெப்பம்தான் குஞ்சு ஆணா பெண்ணா என்பதையும் முடிவுசெய்கிறது, சூடு கூடினால் பெண் குஞ்சுகள் கூடும் என்றேன். "அப்போ வருசா வருசம் வெயில் ஏறிக்கிட்டே போனா?" என்று கேட்டான். ஆராய்ச்சியாளர்கள் இன்றும் கேட்டுக்கொண்டிருக்கும் கேள்வி அது.

இந்தக் கடற்கரையிலேயே இதற்கு முன்னோடிகள் உண்டு. 1970களின் தொடக்கத்தில் சென்னைப் பாம்புப் பண்ணையைத் தொடங்கிய ரோமுலஸ் விட்டேக்கரும் நண்பர்களும் ஆமை நடையைத் தொடங்கினார்கள். சென்னை ஐ.ஐ.டி.க்குப் பொறியியல் படிக்க வந்த சதீஷ் பாஸ்கர் அந்தக் குழுவோடு சேர்ந்து, பின்னர் இந்தியக் கடற்கரைகளை ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் நடந்தே ஆய்வு செய்தார். 1982இல் லட்சத்தீவின் ஆளில்லாத சுஹேலி தீவில், மழைக்காலம் முழுவதும் தன்னந்தனியாகத் தங்கி ஆமைகளைக் கணக்கெடுத்தார். மனைவிக்கு எழுதிய கடிதத்தை அங்கிருந்து புட்டியில் அடைத்துக் கடலில் விட்டார். அது இலங்கையில் ஒரு மீனவர் கையில் கிடைத்து, தபாலில் வீடு போய்ச் சேர்ந்தது.

பிள்ளைகளுக்கு இந்தக் கதை மிகவும் பிடிக்கும். ஆனாலும் இதை மட்டும் சொல்லி நிறுத்தக்கூடாது. எல்லோராலும் சதீஷ் பாஸ்கராக முடியாது, ஆக வேண்டியதும் இல்லை. 1988இல் சென்னையில் மாணவர்கள் தொடங்கிய கடல் ஆமைப் பாதுகாப்புக் குழுவின் தொடக்ககால உறுப்பினர்களில் ஒருவர் கார்த்திக் சங்கர். அப்போது கல்லூரி மாணவர். பின்னர் நீலகிரியின் சிறு பாலூட்டிகளை ஆராய்ந்து முனைவர் பட்டம் பெற்று, ஆமைக்கே திரும்பி, இன்று பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் பேராசிரியர். நம் மாணவர்களுக்கு இந்தப் பாதை இன்னும் பயனுள்ள எடுத்துக்காட்டு என்பது என் கருத்து. இதில் படிகள் கண்ணுக்குத் தெரிகின்றன.

அந்தப் படிகளை ஆசிரியர் தெரிந்துவைத்திருக்க வேண்டும், ஏனென்றால் பெற்றோர் கேட்பார்கள். உதகை அரசு கலைக் கல்லூரியிலும் மயிலாடுதுறை அருகே மன்னம்பந்தல் ஏ.வி.சி. கல்லூரியிலும் காட்டுயிர் உயிரியல் படிப்பு இருக்கிறது. மேட்டுப்பாளையத்தில் வனவியல், தூத்துக்குடியிலும் பொன்னேரியிலும் மீன்வள அறிவியல். வனக் காப்பாளர் பணிக்கு டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வு. விளக்குகளை எண்ணிய அந்தப் பெண்ணைப் போன்றவர்களுக்குச் சட்டப் படிப்பு. தன்னார்வப் பணிக்குச் சம்பளம் கிடையாது என்பதையும், ஆய்வுப் பணிகள் பல ஒப்பந்த அடிப்படையில் அமைபவை என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும்.

அந்தப் பையன் இப்போது பிளஸ் டூவில் உயிரியல் படிக்கிறான். பொன்னேரி கல்லூரியைப் பற்றி அவன் தகப்பனாரிடம் பேசினேன். "கடலை விட்டு வெளிய போகட்டும்னுதான் சார் படிக்க வைக்கிறேன். படிச்சிட்டு மறுபடி கடலுக்கேவா?" என்றார். என்னிடம் உடனடியாகப் பதில் இல்லை. போன பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை அவரும் எங்களோடு நடந்தார். விடியற்காலையில் டீக்கடையில் நிற்கும்போது, விடுதிக்கு எவ்வளவு ஆகும் என்று மட்டும் கேட்டார்.

செல்ல விரும்பும் ஆசிரியர்களுக்குச் சில குறிப்புகள். கடல் ஆமைகளும் அவற்றின் முட்டைகளும் 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை. வனத்துறை அனுமதி பெற்ற குழுவோடு மட்டுமே செல்லுங்கள், மாணவர்கள் தாமாக எதையும் தொடக்கூடாது. ஃபிளாஷ் போட்டுப் படம் எடுக்கக்கூடாது. பெற்றோரின் எழுத்துப்பூர்வ ஒப்புதலும் பெண் ஆசிரியர் ஒருவரின் துணையும் கட்டாயம். ஒருமுறை அழைத்துப்போனால் அது சுற்றுலா, ஒரே பருவத்தில் மூன்று முறையாவது போனால்தான் யாருக்கு எது பிடிக்கிறது என்று தெரியவரும். கடல் இல்லாத ஊர்ப் பள்ளிகளுக்கு ஜனவரியில் நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு இருக்கிறது. ஏரிக்கரையும் ஒரு நோட்டும் போதும். ஆமை நடைக்கான கடிதத்தை மட்டும் நவம்பரிலேயே கொடுத்துவிடுங்கள். அரையாண்டுத் தேர்வு முடிந்து நாம் நிமிர்வதற்குள் ஆமைகள் கரையேறத் தொடங்கிவிடும்.